சாவைப் பாடும் கவிதைகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியப்பா இறந்தபோது கருமாதிப் பத்திரிகைக்கு ஒரு குறள் எடுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. குடும்பத்தில் தமிழ் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. நானும் அதிகம் யோசிக்காமல், ஊரில் எல்லோரும் போடுவதையே போட்டேன்.

நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும்
பெருமை உடைத்துஇவ் வுலகு.

அச்சாகி வந்த பத்திரிகையைப் பெரியம்மா இரண்டு முறை படித்தார். "நேற்று இருந்தவர் இன்று இல்லை, அது சரி. இதில் என்ன பெருமை இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த நாளிலிருந்து அந்தச் சொல்லின் மேல் கால் வைக்காமல் தாண்டியே போயிருக்கிறேன். அன்று இரவு பரிமேலழகர் உரையைப் புரட்டினேன். 'நிலையாமை மிகுதி' என்று எழுதியிருக்கிறார். அதாவது இங்கே பெருமை என்றால் மிகுதி. கேள்வி தீர்ந்தது என்று மூடிவைக்கலாம்தான். ஆனாலும் 'பெருமை' என்ற சொல் காதில் விழும்போது கூடவே ஒரு கசந்த சிரிப்பும் கேட்கிறதே, அதை எந்த உரையால் அமுக்குவது? பெரியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. தமிழ் படித்த எனக்குக் கேட்கவில்லை.

அதன்பின் சாவைப் பற்றிய பழைய பாட்டுகளை மறுபடி எடுத்து வாசித்தேன். நானும், வகுப்பிலும் மேடையிலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

கருத்தை எடுத்துக்கொண்டு இடைச்சொல்லை எறிவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். 'இந்தப் பாட்டு என்ன சொல்கிறது?' என்று கேட்டு, 'வாழ்க்கை நிலையில்லாதது' என்று ஒரு வரியில் விடை எழுதி, ஐந்து மதிப்பெண் வாங்கிப் பழகிவிட்டோம். வாழ்க்கை நிலையில்லாதது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் கவிதை தேவையில்லை. தெருவில் ஒரு பறைச் சத்தம் போதும். தெரியாத பகுதி வேறு. போனவர் எங்கே போனார், போனார் என்று சொல்வதே சரியா, இருப்பவர் இனி என்ன செய்வது? தமிழ்ப் பாட்டில் அந்தத் தெரியாமை பெரிய சொற்களில் இருப்பதில்லை. 'கொல்', 'மன்', 'உம்' போன்ற பொடிச் சொற்களில் ஒளிந்திருக்கிறது.

தொல்காப்பிய இடையியலில் 'கொல்லே ஐயம்' என்று ஒரு நூற்பா உண்டு. இரண்டே சொல். 'கொல்' வந்தால் சந்தேகம் என்று பொருள், அவ்வளவுதான். இப்போது திருக்குறளின் 34ஆவது அதிகாரமான நிலையாமை எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு.

துச்சில் என்றால் ஒண்டியிருக்கும் இடம். பரிமேலழகர் இந்த இடத்தில் அருமையாக ஒன்று சொல்கிறார். உடம்பு என்ற வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வாதம் முதலிய நோய்கள். உயிர் அங்கே ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது. அவை அமைதியாக இருக்கும்வரை இருந்து, அவை வெகுண்டால் கிளம்பிவிடுகிறது. வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்த உயிருக்கு நிலையாகப் புகுந்து தங்க ஒரு வீடு இன்னும் வாய்க்கவில்லையோ? ஒன்பது குறள்களில் உறுதியாகப் பேசிக்கொண்டு வந்தவர் பத்தாவதில் 'கொல்லோ' என்று கேட்டுவிட்டு எழுந்துபோகிறார். அடுத்த அதிகாரம் துறவு. வகுப்பில் இந்தக் குறளுக்கு 'உயிருக்கு நிலையான வீடு இல்லை' என்று பொருள் எழுதிக்கொடுத்தார்கள். கேள்வியை விடையாக்கிக் கொடுத்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

இரண்டு குறள் முன்னால் இன்னொரு சிக்கல் கிடக்கிறது. 'குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே' என்ற குறளில் குடம்பை என்பது என்ன? கூடு என்றுதான் பெரும்பாலோர் நினைப்போம். பரிமேலழகர் அதை மறுத்து முட்டை என்கிறார். கூடு பறவையோடு சேர்ந்து பிறப்பதில்லை, தவிரவும் பறவை கூட்டுக்குத் திரும்பி வரும், ஆகவே உடம்புக்கு அது உவமையாகாது என்பது அவர் வாதம். வெறும் அகராதிச் சண்டை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். கூடு என்றால் திரும்பி வருவதற்கு ஒரு சாளரம் திறந்திருக்கிறது. முட்டை என்றால் ஓடு உடைந்தது, கதை முடிந்தது. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருள் கொள்கிறோம் என்பதில் மரணத்துக்குப் பின் என்ன என்ற கேள்வியே தொங்குகிறது. எனக்கு முட்டைதான் சரியென்று படுகிறது. ஆனால் பெரியம்மாவிடம் சொல்ல நேர்ந்தால் கூடு என்றே சொல்லியிருப்பேன்.

'மன்' என்ற சொல்லின் கதையும் இதேதான். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூறு 235ஆம் பாட்டு, 'சிறியகள் பெறினே எமக்குஈயும் மன்னே' என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் குடித்து மகிழ்வான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு 'மன்னே'. அசைச்சொல் என்று நினைத்து அதை விழுங்கிவிட்டால், கொடையாளி ஒருவனைப் புகழும் பாட்டுதான் மிஞ்சும். தொல்காப்பியம் 'மன்' என்பதற்குச் சொல்லும் மூன்று பொருள்களில் முதலாவது 'கழிவு': அது போய்விட்டது, இனி இல்லை. கள்ளையும் சோற்றையும் மணக்கும் கையையும் அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஒரு 'மன்'னால் புதைக்கிறார் ஔவை.

'சாவு' என்ற சொல்லைத் தேடுவது

பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூறு 112 ஐந்தே அடி. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' தொடங்கி 'இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்' வந்து முடிகிறது. இறப்பு, அழுகை, துயரம் என்று ஒரு சொல்லும் இல்லை. போன முழுநிலவில் 'எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்'. இந்த முழுநிலவில் 'எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே'. வரிசை மாறியிருப்பதைக் கவனியுங்கள். முன்பு தந்தை, பிறகு குன்று. இப்போது குன்று, பிறகு தந்தை. அப்பாவைப் பற்றிச் சொல்வதை முடிந்தவரை தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாமல் கடைசி இரண்டு சொல்லில் சொல்லி நிறுத்துகிறார்கள். சாவு வீட்டில் விஷயத்தைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிடுபவர்கள் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்: மழை பெய்ததா, சாப்பிட்டாயா, பிறகு அது.

பொருளை உருவகமாக்கிவிடுவது

'கலம்செய் கோவே' என்று தொடங்கும் பாட்டுகள் புறநானூற்றில் இரண்டு உண்டு: 228, 256. இரண்டும் ஈமத்தாழி செய்யும் குயவனைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. கல்லூரியில் எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம், 'குயவன் என்பது படைத்தவன், தாழி என்பது உடல்' என்பது. கேட்க அழகாகத்தான் இருந்தது. பாட்டில் அது கிடையாது. இறந்தவர்களைப் பெரிய மண்தாழிக்குள் வைத்துப் புதைத்த ஊர்கள் இருந்தன. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும், கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையிலும் தோண்டி எடுத்த தாழிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சக்கரத்தின் முன்னால் மண்ணைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனிடம், இன்ன அளவில் செய்து கொடு என்று சொல்கிற பாட்டுகள் இவை. முதலில் அந்த மண்ணைத் தொட வேண்டும். உருவகம் வேண்டுமென்றால் அது தானாக வரும்.

228இல் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனுக்குத் தாழி கேட்கிறார். அவன் புகழுக்கு ஏற்ற தாழி வனைய வேண்டுமென்றால் நிலமே சக்கரமாக வேண்டும், பெரிய மலையே மண்ணாக வேண்டும். உன்னால் முடியுமா, பாவம், என்ன செய்யப்போகிறாய் என்று குயவன்மேல் இரக்கப்படுகிறார். அரசவைப் புலவனின் கற்பனை. குறையொன்றும் இல்லை. ஆனால் 256ஐ உடனே பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த மலையும் நிலமும் சிறுத்துப்போகின்றன.

அச்சுடைச் சாகாட்டு ஆரம் பொருந்திய
சிறுவெண் பல்லி போலத் தன்னொடு
சுரம்பல வந்த எமக்கும் அருளி

வண்டியின் சக்கரக் காலில் ஒட்டிக்கொண்டிருந்த சிறிய வெள்ளைப் பல்லியைப் போல அவனோடு பாலை வழிகள் பலவற்றைக் கடந்து வந்தேன். எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய். கேட்பது இவ்வளவே. பல்லி வண்டியை ஓட்டவில்லை, எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது, தலைகீழாகச் சுற்றியும் பிடியை மட்டும் விடவில்லை. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பேசுபவள் மனைவி என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள், நியாயமானதுதான். பாட்டில் அந்தச் சொல் இல்லை. அவன் எப்படி இறந்தான் என்பதும் இல்லை. 'உயிர் பிரிந்தபின் சேர்ந்திருப்போம்' என்ற வாக்குறுதி எங்கும் வரவில்லை. மறுவுலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், தெரிந்த ஒன்றை மட்டும் கேட்கிறாள்: தாழியின் வாயகலம்.

சாகத் துணிந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புவது

கோப்பெருஞ்சோழன் தன் பிள்ளைகளே தன்மேல் போருக்கு எழுந்ததால் மனம் வெறுத்து, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். நட்புக்கு எடுத்துக்காட்டாக அவனையும் பிசிராந்தையாரையும் மேற்கோள் காட்டாத பட்டிமன்றம் இல்லை. ஆனால் வடக்கிருந்தபோது அவனே சொன்ன பாட்டு, புறநானூறு 214, மேடையில் கேட்டதில்லை. மரணத்தைப் பற்றிய நிச்சயமின்மை இவ்வளவு பச்சையாக வெளிப்பட்ட பாட்டு நான் அறிந்தவரை வேறில்லை.

நல்வினை செய்யலாமா வேண்டாமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பவர்களைக் கடிந்து தொடங்குகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் வரலாம். காடை பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் வரலாம். ஆகவே பெரியதையே குறிவை. இதுவரை வீரப் பேச்சு. அதன்பின் வருவதைப் பாருங்கள். வினைக்குப் பயன் 'உண்டெனின்' மேலுலக இன்பம் கிடைக்கலாம். அந்த இன்பம் 'இல்லெனின்' மறுபடி பிறக்காமல் இருப்பது கிடைக்கலாம். அப்படியும் பிறவி என ஒன்று இல்லை 'ஆயினும்', இமயச் சிகரம்போல் புகழை நட்டுவிட்டுக் குறையில்லாத உடம்போடு மாய்வதே நல்லது.

உண்டெனின், இல்லெனின், ஆயினும். இருக்கலாம், கூடும். பட்டினியில் உட்கார்ந்திருப்பவன் பேச்சு இது! சொர்க்கம் நிச்சயம் என்று அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, எல்லாக் கதவும் மூடியிருந்தாலும் தன் முடிவு மாறாதபடி கணக்குப் போடுகிறான். சந்தேகப்படுபவர்களைத் திட்டித் தொடங்கிய பாட்டு, சந்தேகத்தின் மேலேயே வீடு கட்டி முடிகிறது. அவனுக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்தே செய்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டின் பாட்டுக்கும் (246) இதே கதிதான். தீப்பாயப் போகும் பத்தினியின் உறுதி என்று அதைக் கொண்டாடுகிறவர்கள், நடுவில் அவள் சொல்லும் உணவுப் பட்டியலைப் படிப்பதில்லை. நெய்யில்லாத நீர்ச்சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுக்கை. அந்தக் காலத்துக் கைம்பெண்ணின் அன்றாடம் அது. தடுக்க வந்த சான்றோரைப் 'பொல்லாச் சூழ்ச்சி' உடையவர்கள் என்றே கூப்பிடுகிறாள். தீயும் தாமரைக் குளமும் எனக்கு ஒன்றுதான் என்ற கடைசி அடி புகழ்பெற்றது. எதற்கு எதிராக அவை ஒன்று என்பதைக் கீரையையும் கல்லையும் தாண்டிக் குதித்தவர்கள் பார்க்க மாட்டார்கள்.

'தமிழர் பார்வை இது' என்று ஒரே போடாகப் போடுவது

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற அடியைச் சுவரிலும் சட்டையிலும் பார்க்கிறோம். அதே பாட்டில், புறநானூறு 192இல், நான்காவது அடியாகச் 'சாதலும் புதுவது அன்றே' என்று வருவதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கணியன் பூங்குன்றனார், ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம்போல் உயிர் தன் முறையில் போகிறது என்கிறார். வாழ்க்கை இனிது என்று மகிழவும் மாட்டோம், வெறுத்து இன்னாது என்று சொல்லவும் மாட்டோம்.

சரி, இதுதான் தமிழர் பார்வை என்று எழுதிவிடலாமா? இரண்டு பாட்டு தள்ளி, 194இல் பக்குடுக்கை நன்கணியார் வேறு குரலில் பேசுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். இப்படி ஓர் உலகத்தைப் 'படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்' என்று திட்டுகிறார். படைத்தவன் பண்பில்லாதவன், அதுவும் 'மன்ற', உறுதியாக. ஒரே தொகுப்பில், இரண்டு ஓலை இடைவெளியில், ஒருவர் தெப்பத்தில் மிதக்கிறார், இன்னொருவர் கரையில் நின்று கடவுளைக் கேட்கிறார். ஒருவர் சொன்னதை எல்லோருக்கும் ஏற்றினால் மற்றவரின் வாயைப் பொத்துகிறோம்.

துறவிக்குக் கலக்கம் இல்லை என்று முடிவுகட்டுவது

'காதற்ற ஊசியும் வாராது காண்கடை வழிக்கே' என்ற பட்டினத்தாரை எல்லோருக்கும் தெரியும். பற்றை அறுத்தவர் என்று ஒரு சட்டகத்துக்குள் மாட்டிவைத்திருக்கிறோம். தாயின் சிதைக்கு முன்னால் அவர் பாடியதாக வழங்கும் பாட்டுகள் அந்தச் சட்டகத்தை உடைக்கின்றன. பத்து மாதம் சுமந்து, கையில் ஏந்திப் பால் கொடுத்தவளை 'எப்பிறப்பிற் காண்பேன் இனி' என்கிறார். பிறவியை அறுக்க வீட்டை விட்டவர், தாயைப் பார்க்க இன்னொரு பிறவியைக் கணக்குப் பார்க்கிறார். வாய்க்கரிசி போடும்போது 'அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு' என்று கை நடுங்குகிறது. கடைசியில் 'யானும் இட்டதீ மூள்க மூள்கவே' என்று தீயைத் தானே மூட்டுகிறார். தத்துவம் தெரிந்தவருக்குத் துக்கம் வராது என்று யார் சொன்னது?

திருமூலரிடம் வேறு தவறு செய்கிறோம். நகைச்சுவையைத் தவறவிட்டு உபதேசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சோறு சமைக்கச் சொன்னார், சாப்பிட்டார், மனைவியோடு கொஞ்சிப் பேசினார், 'இடப்பக்க மேஇறை நொந்தது என்றார், கிடக்கப் படுத்தார், கிடந்தொழிந் தாரே'. இடது பக்கம் லேசாக வலிக்கிறது என்றவர் படுத்தார், அப்படியே கிடந்துபோனார். வினைமுற்றுகள் தடதடவென்று ஓடி ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. இன்னொரு மந்திரத்தில் ஊரே கூடி அழுது, பேரை எடுத்துவிட்டுப் பிணம் என்று பேர் வைத்து, சுட்டுவிட்டு, 'நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே'. குளித்ததும் மறந்துவிட்டார்கள். சிரிக்கலாம், தப்பில்லை. சாவு வீட்டுத் திண்ணையில் நடக்கிற பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தச் சிரிப்பு புதிதும் இல்லை.

கவிஞனின் சாவை வைத்துக் கவிதையைப் படிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'காலா, உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்' என்று எழுதிய பாரதி 1921இல், 38 வயதில் இறந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளிய சம்பவத்தையும், அந்தப் பாட்டில் வரும் கஜேந்திரன் என்ற யானையின் கதையையும் முடிச்சுப்போட்டுத் தீர்க்கதரிசனம் என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். தற்செயலை ஜோதிடமாக்கும் வேலை அது. பாட்டில் கவனிக்க வேண்டியது 'வாடா' என்ற கூப்பாடும், 'சற்றே உனை மிதிக்கிறேன்' என்பதில் உள்ள அந்தச் 'சற்றே'யும். எமனை மிதிப்பதிலும் ஓர் அளவு வைத்திருக்கிறார்!

பெரியப்பாவின் முதல் வருஷத் திதி வந்தபோது மறுபடியும் பத்திரிகை வேலை என்னிடம் வந்தது. இந்த முறை பெரியம்மாவைக் கேட்காமல் எதையும் எழுதவில்லை. நாலைந்து பாட்டுகளைப் படித்துப் பொருள் சொன்னேன். பல்லிப் பாட்டைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆனால் அதை வேண்டாம் என்றுவிட்டார். புக்கில் குறளைச் சொன்னதும், "வீடு கிடைத்ததா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லையா?" என்றார்.

"இல்லை, பெரியம்மா. கேட்டதோடு அதிகாரம் முடிந்துவிடுகிறது."

"அப்படியென்றால் அதையே போடு."

குறளின் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்து எழுதிக்கொடுத்தேன். அச்சாகி வந்தபோது அது முற்றுப்புள்ளியாக மாறியிருந்தது. அச்சுக்கோத்தவருக்குப் பழக்கதோஷம் போலிருக்கிறது. திருத்தி மறுபடி அடிக்க நாளில்லை. ஓலையில் எழுதியவர்களுக்கு இந்த இரண்டு குறிகளும் கிடையாது, 'கொல்லோ' ஒன்றை நம்பித்தான் எழுதினார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "சரி, அப்படியே அனுப்பிவிடு" என்றார்.